சென்னையில் வேலைக்குப் போய் வர எது தோது? புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையில் வேலை கிடைத்து வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வீடு பார்க்கிறார்கள். வாடகை, அட்வான்ஸ், தண்ணீர் வசதி எல்லாம் விசாரித்து வீட்டைப் பிடித்து, சாமான் இறக்கின பிறகுதான் ஆபீஸுக்கு எதில் போவது என்ற கேள்வி வருகிறது. அதற்குள் பஸ்ஸா, ரயிலா, பைக்கா என்பதை அந்த வீட்டு முகவரியே முடிவு செய்துவிட்டிருக்கும். ஆகவே நான் சொல்ல வருவது முக்கியமாக ஒன்றுதான்: முதலில் போகிற தடத்தைத் தேர்ந்தெடுங்கள், வீடு அதற்கப்புறம். ஏற்கெனவே வீடு பிடித்துவிட்டவர்கள் இரண்டாவது படியிலிருந்து படிக்கலாம்.

படி 1: ஆபீஸ் வாசலிலிருந்து தொடங்குங்கள்

மொபைலில் வரைபடத்தைத் திறந்து, ஆபீஸ் வாசலிலிருந்து பதினைந்து நிமிடம் நடந்தால் எந்த ஸ்டேஷன், எந்த பஸ் ஸ்டாப் வருகிறது என்று பாருங்கள். சென்னையில் இடத்துக்கு இடம் இதற்கான பதில் மாறும்.

கிண்டியில் வேலை என்றால் கொடுத்து வைத்தவர். கடற்கரை - தாம்பரம் - செங்கல்பட்டு மின்சார ரயிலும் மெட்ரோவும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. தரமணி டைடல் பார்க் பக்கம் என்றால் திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். ஈக்காட்டுத்தாங்கலில் மெட்ரோ வாசலிலேயே இறங்கலாம். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு சென்ட்ரல் - ஆவடி - திருவள்ளூர் தடத்தில் பட்டரவாக்கம், அம்பத்தூர் ஸ்டேஷன்கள் இருக்கின்றன.

சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்றால் கதை வேறு. ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில் அந்தப் பக்கத்துக்கு இன்னும் ரயில் கிடையாது. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரம் - சிறுசேரி சிப்காட் தடம் வரப்போகிறது, வேலை நடக்கிறது. அதுவரை பஸ், கம்பெனி வண்டி, சொந்த வண்டி மூன்றுதான். இங்கே வேலை கிடைத்தவர்கள் ஆபீஸுக்குப் பக்கத்திலேயே வீடு பார்ப்பதுதான் உத்தமம் என்பது என் அபிப்பிராயம். வாடகையில் இரண்டாயிரம் மூவாயிரம் கூடினாலும் பரவாயில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள் கம்பெனி பஸ் எந்த வழியாக வருகிறது, எந்தெந்த ஸ்டாப்பில் நிற்கிறது என்ற பட்டியலை ஹெச்.ஆரிடம் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் இருக்கிற ஸ்டாப்புக்குப் பக்கத்தில் வீடு பார்த்தால் மற்ற தலைவலிகள் பாதி போய்விடும்.

தடம் தெரிந்ததும் அதே தடத்தில் வீடு தேடுங்கள். கிண்டி ஆபீஸுக்கு குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் எல்லாம் ஒரே ரயில். அதே கிண்டிக்கு, வரைபடத்தில் இவற்றைவிட கிட்டத்தில் தெரிகிற சில இடங்களிலிருந்து இரண்டு வண்டி மாற வேண்டியிருக்கும். கிலோமீட்டரை நம்பி ஏமாறாதீர்கள்.

படி 2: வாசலிலிருந்து வாசல்வரை கணக்குப் போடுங்கள்

வீட்டு புரோக்கர் "ரயிலில் கால் மணி நேரம்தான் சார்" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. குரோம்பேட்டையிலிருந்து கிண்டிக்கு ரயில் ஓடுகிற நேரம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடை பத்து நிமிடம், படி ஏறி இறங்கி பிளாட்பாரத்துக்கு வர மூன்று நிமிடம், ரயிலுக்குக் காத்திருப்பது ஏழெட்டு நிமிடம், கிண்டியில் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வர ஐந்து நிமிடம், அங்கிருந்து ஆபீஸுக்கு இன்னொரு கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது. வண்டிக்குள் இருக்கும் நேரம் அதில் நாலில் ஒரு பங்குதான்.

நகரத்தில் மனிதர்கள் எதில் போவது என்று முடிவு செய்வது பெரும்பாலும் இந்த மீதி முக்கால் பங்கை வைத்துத்தான். அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 1972-ல் 'பார்ட்' என்ற ரயில் ஓடத் தொடங்கியது. வேலைக்குப் போகிறவர்களில் 15 சதவீதம் பேர் அதில் போவார்கள் என்பது அதிகாரப்பூர்வக் கணிப்பு. டேனியல் மெக்ஃபேடன் என்ற பொருளாதார அறிஞரின் குழு, நடை, காத்திருப்பு, பயண நேரம், செலவு என்று ஒவ்வொன்றுக்கும் மக்கள் எவ்வளவு மதிப்பு வைக்கிறார்கள் என்று தனித்தனியாகக் கணக்கிட்டு 6.3 சதவீதம் என்றது. கடைசியில் போனது 6.2 சதவீதம். மெக்ஃபேடனுக்கு 2000-ஆம் ஆண்டு பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நமக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது, நின்று காத்திருக்கும் ஒரு நிமிடமும் உட்கார்ந்து போகும் ஒரு நிமிடமும் மனசுக்கு ஒன்றல்ல என்பதுதான். பயண ஆய்வாளர்கள் பொதுவாகக் காத்திருக்கும் நேரத்தை ஒன்றரை, இரண்டு மடங்காக எடுத்துக்கொள்கிறார்கள். நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வழிகள் கடிகாரத்தில் ஒரே நேரம் காட்டினால், வண்டி மாறாமல் போகிற வழியைத் தேர்ந்தெடுங்கள்.

படி 3: ஒவ்வொரு வண்டியின் குணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்

மின்சார ரயில். லோக்கல் என்றும் சொல்வோம். தெற்கே செங்கல்பட்டு, மேற்கே அரக்கோணம், வடக்கே கும்மிடிப்பூண்டி என்று மூன்று பக்கம் போகிறது. கடற்கரை - தாம்பரம் தடத்தில் 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். மாத சீசன் டிக்கெட் எடுத்தால் இந்த ஊரில் இதைவிட மலிவாக எந்த வண்டியிலும் போக முடியாது. 2025 ஏப்ரலிலிருந்து கடற்கரை - செங்கல்பட்டு தடத்தில் ஏ.சி. மின்சார ரயிலும் ஓடுகிறது, அதற்குக் குறைந்தபட்சம் 35 ரூபாய். சாதாரண டிக்கெட்டை வைத்துக்கொண்டு அதில் ஏறக்கூடாது.

புதியவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. காலையில் தாம்பரம் பக்கம் ஏறுகிறவர்கள், செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டி எது, தாம்பரத்திலேயே புறப்படும் வண்டி எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முன்னது நிரம்பி வரும். பின்னதில் பத்து நிமிடம் முன்னால் வந்தால் உட்கார இடம் கிடைக்கும். பெண்கள் பெட்டி, முதல் வகுப்புப் பெட்டி எங்கே நிற்கும் என்று பிளாட்பாரத்தில் தினமும் வருகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவசரத்தில் முதல் வகுப்பில் ஏறிவிட்டுப் பரிசோதகரிடம் மாட்டினால் அபராதம் குறைந்தது 250 ரூபாய், கட்டணம் தனி. இறங்கும் ஸ்டேஷனில் படிக்கட்டு எந்தப் பெட்டிக்கு நேராக வருகிறது என்பதை முதல் வாரத்திலேயே பார்த்து வையுங்கள். கிண்டி மாதிரி ஸ்டேஷனில் படிக்கட்டுக்கு நேராக இறங்குகிறவர் வெளியே போய் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்துவிடுவார். கடைசிப் பெட்டியில் இறங்கியவர் அப்போதுதான் படியில் கால் வைப்பார். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு, தண்டவாளப் பராமரிப்புக்காக ரத்தாவதும் உண்டு. ஞாயிறு வேலை இருப்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

பறக்கும் ரயில். கடற்கரையிலிருந்து மயிலாப்பூர், திருவான்மியூர் வழியாக வேளச்சேரிக்குப் போகும் மேம்பாலத் தடம். கட்டணம் லோக்கல் கட்டணம்தான். கூட்டம் குறைவு. ராத்திரி நேரத்தில் சில ஸ்டேஷன்கள் ஆளரவம் இல்லாமல் கிடக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

மெட்ரோ. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, வழிகாட்டிப் பலகைகளே சொல்லிவிடும். விம்கோ நகரிலிருந்து விமான நிலையம்வரை நீலத் தடம், சென்ட்ரலிலிருந்து கோயம்பேடு வழியாகப் பரங்கிமலைக்குப் பச்சைத் தடம். ஆலந்தூரிலும் சென்ட்ரலிலும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம். காலை 5 மணியிலிருந்து இரவு 11 மணிவரை ஓடும். கட்டணம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை, மொபைலிலோ கார்டிலோ கட்டினால் 20 சதவீதத் தள்ளுபடி. நேரத்துக்குப் போய்ச் சேர்வதில் இதற்கு இணை இங்கே வேறில்லை. குறை என்னவென்றால், ஸ்டேஷனை விட்டு வெளியே வந்த பிறகுதான் உண்மையான பிரயாணம் தொடங்கும்.

பஸ். சென்னையை உண்மையில் தாங்குவது மாநகரப் பேருந்துதான். ரயில் எட்டாத இடங்களுக்கெல்லாம் பஸ் போகும். 21ஜி, 29சி, 102, 570 என்று நம்பரைச் சொன்னாலே ஊர்க்காரர்களுக்கு முழுத் தடமும் கண்முன் வந்துவிடும். உங்கள் தடத்தின் இரண்டு மூன்று நம்பர்களை முதலில் மனப்பாடம் செய்யுங்கள். நம்பரோடு 'கட்' என்று இருந்தால் அந்த பஸ் பாதி வழியில் நின்றுவிடும், கடைசிவரை போகாது. ஏறும் முன்பே "எதுவரைக்கும்ணே போகும்?" என்று கேட்டுவிடுவது நல்லது. 'எஸ்' என்று தொடங்கும் சிற்றுந்துகள் உள் தெருக்களிலிருந்து மெட்ரோ, ரயில் நிலையங்களுக்குப் போகின்றன. இவை பல பேர் கண்ணில் படுவதே இல்லை.

சாதாரண பஸ்ஸில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய், ஏ.சி. பஸ்ஸில் 15 ரூபாய். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. முன்பக்கம் இளஞ்சிவப்பு அடித்த பஸ்கள் அவை. காசு இல்லை என்றாலும் கண்டக்டரிடம் டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

வெளியூர்க்காரர்கள் முதல் நாள் திகைத்துப்போகும் விஷயம் ஒன்று இருக்கிறது. காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் கண்டக்டர் உங்களைத் தேடி வரமாட்டார், தன் இருக்கையிலேயே இருப்பார். "ஒரு சைதாப்பேட்டை" என்று சொல்லிப் பக்கத்தில் நிற்பவர் கையில் காசைக் கொடுக்க வேண்டும். அது அவர் கையிலிருந்து கல்லூரிப் பையன் கைக்கும், அங்கிருந்து பூக்கூடை வைத்திருக்கும் அம்மா கைக்கும் மாறி கண்டக்டரிடம் போய்ச் சேரும். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். ஒரு ரூபாய் குறையாது. உங்கள் முறை வரும்போது நீங்களும் கை நீட்டி வாங்கி அனுப்ப வேண்டும். சரியான சில்லறையாகக் கொடுத்தால் எல்லோருக்கும் உபகாரம்.

ஷேர் ஆட்டோ, ஆட்டோ, பைக் டாக்ஸி. ஷேர் ஆட்டோ ஒரே தடத்தில் போய் வந்துகொண்டிருக்கும், கை காட்டினால் நிற்கும். ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ்வரை போக இதுதான் பலருக்குக் கைகொடுக்கிறது. தனி ஆட்டோவுக்கு 2013-ல் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அந்தக் கணக்கில் 8 கிலோமீட்டருக்கு 100 ரூபாய் வரும். தெருவில் கேட்பது இதைவிட அதிகமாகத்தான் இருக்கும். ஆட்டோ பிடிக்கும் செயலியில் விலையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். தினசரிப் பயணத்துக்கு ஆட்டோவை நம்ப வேண்டாம். தாமதமான நாளுக்கும் மழை நாளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த பைக். இதைப் பற்றி உறுதியாகவே சொல்கிறேன்: முதல் இரண்டு மாதம் பைக் வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் வேறு எதையும் முயன்று பார்க்கத் தோன்றாது. வண்டி நிற்கிறதே என்று அதையே எடுப்போம். ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தால், வீட்டிலிருந்து ஸ்டேஷன்வரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஸ்டேஷன் பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு ரயிலேறும் ஆயிரக்கணக்கானவர்களின் வழி அது. பின்னால் உட்காருகிறவரும் ஹெல்மெட் போட வேண்டும், இல்லையென்றால் அபராதம் 1,000 ரூபாய். அபராதத்துக்காகச் சொல்லவில்லை, தாம்பரம் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே போகும்போது தலைக்குக் காவல் அது ஒன்றுதான்.

படி 4: மாதச் செலவை எழுதிப் பாருங்கள்

மனக்கணக்கு வேண்டாம், ஒரு தாளில் எழுதுங்கள். மாதம் 25 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். மெட்ரோவில் அதிகபட்ச தூரம் போகிறவருக்கு, தள்ளுபடி போக ஒரு பக்கம் 40 ரூபாய், மாதம் 2,000. மாநகரப் பேருந்தில் விருப்பம்போல் பயணம் செய்யும் மாத பாஸ் 1,000 ரூபாய், ஏ.சி. பஸ்ஸும் சேர்த்து 2,000 ரூபாய். லோக்கல் சீசன் சில நூறு ரூபாயோடு முடிந்துவிடும். பைக்கில் தினம் போக வர 40 கிலோமீட்டர், லிட்டருக்கு 45 கொடுக்கும், பெட்ரோல் சுமார் 100 ரூபாய் என்றால் மாதம் 2,200 ரூபாய் பெட்ரோலுக்கே போகும். தவணை, சர்வீஸ், பார்க்கிங் எல்லாம் அதற்கு மேல்.

இதில் பலரும் விட்டுவிடுவது கடைசித் துண்டுக்கு ஆகும் செலவு. ஸ்டேஷனிலிருந்து ஆபீஸுக்கு ஷேர் ஆட்டோ ஒரு பக்கம் 15 ரூபாய் என்றாலும் மாதம் 750 ரூபாய். சீசன் டிக்கெட்டைவிட அது அதிகம்! அந்தத் துண்டை நடக்க முடிந்தாலோ, பஸ் பாஸில் அடக்க முடிந்தாலோ மொத்தக் கணக்கே மாறிவிடும். பெண்களுக்கு இலவச பஸ் இங்கே பெரிய உதவி. ஆனால் சாதாரண பஸ்ஸுக்காக அரை மணி நேரம் நிற்க வேண்டியிருந்தால் அந்த நேரத்தையும் செலவில் எழுதுங்கள்.

படி 5: முதல் மாதத்தை முயன்று பார்க்க வையுங்கள்

புதிதாக வந்தவருக்குப் பழையவர்களிடம் இல்லாத ஒரு வசதி இருக்கிறது: இன்னும் பழக்கம் பிடிக்கவில்லை. 2014 பிப்ரவரியில் லண்டனில் சுரங்க ரயில் ஊழியர்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பல ஸ்டேஷன்கள் மூடியிருந்ததால் மக்கள் வேறு வழிகளில் போனார்கள். வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் ஏறக்குறைய 20 பேரில் ஒருவர் பழைய வழிக்குத் திரும்பவில்லை என்று பயண அட்டைத் தரவுகளை ஆராய்ந்த பொருளாதார வல்லுநர்கள் கண்டார்கள். அதைவிட நல்ல வழி அவர்களுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது, தேடிப் பார்க்கவில்லை.

ஆகவே முதல் மாதத்தில் மாத பாஸ் எதுவும் எடுக்காதீர்கள். முதல் வாரம் ஒரு வழி, அடுத்த வாரம் வேறு வழி என்று போய்ப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் வீட்டை விட்டுக் கிளம்பிய நேரம், ஆபீஸில் நுழைந்த நேரம், உட்கார இடம் கிடைத்ததா, எவ்வளவு செலவு, இந்த நாலையும் மொபைலில் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் வழியையும் குறியுங்கள். காலையில் சுகமாக இருக்கும் வழி சாயங்காலம் நரகமாக இருப்பதுண்டு. வாரம் முடிந்து பார்க்கும்போது சராசரியைப் பார்க்காமல், மோசமான நாள் எவ்வளவு மோசம் என்று பாருங்கள். நாலு நாள் நாற்பது நிமிடம், ஒரு நாள் ஒன்றே முக்கால் மணி நேரம் என்கிற வழியைவிட, தினமும் ஐம்பத்தைந்து நிமிடம் என்கிற வழி நல்லது. பயோமெட்ரிக்கில் விரல் வைக்கிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

முயன்று பார்க்கும் காலத்தில் டிக்கெட்டுக்கு அலைய வேண்டாம். 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் எடுக்கலாம், பஸ் எங்கே வருகிறது என்றும் பார்க்கலாம். சிங்காரச் சென்னை அட்டை மெட்ரோவிலும் மாநகரப் பேருந்திலும் செல்லும். ஆனாலும் பையில் கொஞ்சம் சில்லறை இருக்கட்டும்.

படி 6: மழைக்கும் ராத்திரிக்கும் தனி வழி

அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மூன்று மாதத்தைப் பார்க்காமல் சென்னைப் பயணத்தை முடிவு செய்யக்கூடாது. பெருமழை பெய்தால் கணேசபுரம், துரைசாமி மாதிரி ரயில்வே சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்று மூடிவிடுவார்கள். பஸ்கள் சுற்றிப் போகும். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தாழ்வான இடங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மின்சார ரயில்கள் நின்றுபோயின, மெட்ரோ ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் வழக்கமான வழி தண்டவாளம் என்றால் சாலை வழி ஒன்றும், சாலை என்றால் தண்டவாள வழி ஒன்றும் தெரிந்து வைத்திருங்கள். அந்த மாற்று வழியில் வெயில் நாளிலேயே ஒரு தடவை போய் வந்துவிடுங்கள். பைக்கில் போகிறவர்கள் தேங்கிய தண்ணீரில் ஆழம் தெரியாமல் இறங்க வேண்டாம், பள்ளமும் திறந்த மூடியும் மேலே தெரியாது.

இரவு ஷிஃப்ட் இருந்தால், வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே கம்பெனி வண்டி வீட்டு வாசல்வரை விடுமா, மெயின் ரோட்டோடு விட்டுவிடுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெண்கள் இதில் தயங்கவே கூடாது. கம்பெனி வண்டி இல்லையென்றால், கடைசி பஸ்ஸும் கடைசி ரயிலும் எத்தனை மணிக்கு, ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகும் தெருவில் விளக்கு இருக்கிறதா, அந்நேரம் கடை திறந்திருக்குமா என்று ஒரு நாள் ராத்திரி துணையோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு பார்த்தால் இன்னும் நல்லது. ரயிலில் உதவி வேண்டுமென்றால் 139, பெண்கள் உதவி எண் 181. இரண்டையும் மொபைலில் பதிந்துகொள்ளுங்கள்.

முதல் மாதம் முடிந்து ஒரு வழி நிலைத்துவிட்டால் பாஸோ சீசனோ எடுத்துவிடலாம். முதலில் மாத சீசன் போதும், மூன்று மாத சீசனுக்கு அவசரப்பட வேண்டாம். மெட்ரோ இரண்டாம் கட்டம் மொத்தம் சுமார் 119 கிலோமீட்டர், மூன்று தடங்கள். ஒவ்வொரு பகுதியாகத் திறக்கத் திறக்கச் சாலை மறிப்புகள் மாறும், பஸ் தடங்கள் மாறும். உங்கள் பக்கம் புது ஸ்டேஷன் திறந்த வாரமே அந்தப் பழைய குறிப்பை எடுத்து, புது வழியில் நாலு நாள் போய்ப் பார்த்து, பக்கத்தில் எழுதுங்கள்.